நாரை வரும்வரை அவிழ்க்காத நூல்

கோயிம்ப்ரா, மார்ச் 22

அன்புள்ள அப்பாவுக்கு,

வாய்ப்புண் ஆறியதா? தயிராவது இறங்குகிறதா? கட்டிக்கான மருந்தை டாக்டர் குறைத்துவிட்டார் என்று அவரோடு சண்டை போட்டு, இந்த வாரம் ஊசிக்கே போகவில்லையாமே. அம்மா எழுதியிருந்தாள்.

இங்கே ஒரு கூத்து நடந்தது. வசந்தத்துக்கென்று அம்மா அனுப்பிய சிவப்பு வெள்ளை நூலை, நம் ஊர் வழக்கப்படி மார்ச் முதல் தேதி கையில் கட்டிக்கொண்டேன். மிச்சத்தை ஆய்வுக்கூடத்தில் ஓர் எலிக்கூண்டில் கட்டினேன். கூண்டில் சிவப்பு நூல் இருந்தால் பாதி மருந்து என்பது எங்கள் ஆய்வுக்கூட அடையாளம். அதை மறந்தே போனேன். கூட வேலை செய்யும் ஃபிலிபா மூன்று வாரமும் பாதிதான் போட்டிருக்கிறாள்.

"எலிக்குக்கூடவா கயிறு கட்டுவீங்க? நல்ல ஊருடி உங்க ஊரு" என்று திட்டினாள்.

பிறகு நுண்ணோக்கியில் பார்த்தோம். முழு மருந்து வாங்கிய எலிகளில் புற்றுக்கட்டி வேகமாகச் சுருங்கியிருந்தது. ஆனால் கட்டியை எதிர்த்துப் போராடும் வெள்ளை அணுக்களும் மடிந்திருந்தன. நூல் கட்டிய கூண்டில் கட்டி மெல்லத்தான் சுருங்கியது. ஆனால் அதைச் சுற்றி வெள்ளை அணுக்கள், நம் பிளம் மரத்தடியில் உதிர்ந்த பூக்களைப் போல அப்பிக் கிடந்தன. வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஒரு கூண்டை வைத்து உங்களுக்கு வாக்குக் கொடுக்க முடியாது, அப்பா. ஆனால் டாக்டர் மருந்தைக் குறைத்தார் என்பதாலேயே உங்களைக் கைவிட்டார் என்று ஆகாது. ஏன் என்று அவரையே கேளுங்கள். ஊசிக்குப் போங்கள்.

அம்மாவின் மூலிகை உப்பு கொஞ்சம் அனுப்பச் சொல்லுங்கள். இங்கே எதிலும் ருசியில்லை.

முதல் நாரையைக் கண்டதும் நூலை அவிழ்க்க வேண்டுமே. இங்கே நாரைகள் குளிர்காலத்திலும் வலசை போவதில்லை. அதனால் ஒன்றும் கண்ணில் பட்டுவிடாதபடி நான் குனிந்தே நடக்கிறேன். நம் தெருக் கம்பத்தில் நாரை இறங்கியதை நீங்கள் பார்த்து எழுதிய பிறகுதான் அவிழ்ப்பேன்.

பஸ் வந்துவிட்டது.

ராலிட்சா