சொல்லாமல் விழுங்கிய மாத்திரை

4-8-86, திங்கள்
சேலம் மனநல டாக்டர் கொடுத்த மாத்திரை, நான்காவது மாதம். கொஞ்சம் பரவாயில்லை. காலையில் எழுந்து இண்டூர் பள்ளிக்கூடத்துக்குப் பஸ்ஸைப் பிடிக்க முடிகிறது. மனைவி மிக்கேலம்மாளிடம் கேஸ் டிரபிள் மாத்திரை என்று சொல்லி வைத்திருக்கிறேன். பைத்தியத்துக்கு வைத்தியம் என்று வெளியே தெரிந்தால் மகள் பாக்கியமேரிக்குப் பேசியிருக்கும் சம்பந்தம் என்னாகும்?

9-8-86, சனி
பள்ளி மைதானத்தில் பார்த்தீனியம் பிடுங்கியதிலிருந்து கை, கழுத்தெல்லாம் தடிப்பு. மருந்துக்கடை தீர்த்தகிரி அரிப்புக்கு மாத்திரை கொடுத்தார். “வேற ஏதாச்சும் சாப்புடறீங்களா சார்?” இல்லை என்றேன்.

12-8-86
அரிப்பு குறைந்தது. ஆனால் நாக்கு வறண்டு ஒட்டுகிறது. விடைத்தாளில் எழுத்தெல்லாம் கலங்குகிறது. எட்டாம் வகுப்பில் நாற்காலியிலேயே தூங்கிவிட்டேன். ஹெட்மாஸ்டர் மாதேஸ்வரன் கிட்டே வந்து மோந்து பார்த்தார். குடி என்று நினைத்துவிட்டார். நானா?

15-8-86
கொடியேற்றத்தில் நிற்க முடியவில்லை. மாதா திருநாள் பூசையிலும் தூங்கி வழிந்தேன்.

17-8-86, ஞாயிறு
ஆஸ்பத்திரிக் கட்டிலில் எழுதுகிறேன். நேற்று விடிந்ததிலிருந்து ஒன்றுக்கு வரவில்லை. அடிவயிறு கல்லாட்டம். டியூப் போட்டுத்தான் எடுத்தார்கள்.

“வேற என்ன மாத்திரை சாப்புடறீங்க?” டாக்டர் மூன்று முறை கேட்டார். சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உசுரு போற வலியிலயும் வாய் வரலியே எனக்கு! என்ன மானமோ...

மிக்கேலம்மாள் பர்ஸிலிருந்து காலி அட்டை ஒன்றை எடுத்து நீட்டினாள். “சேலத்துல குடுத்ததுங்க. மனசு சரியில்லாததுக்கு. நாலு மாசமா சாப்புடறாருங்க.”

தெரிந்திருக்கிறது! முதல் மாதமே அட்டையைக் கன்னியர் ஆஸ்பத்திரி சிஸ்டரிடம் காட்டிக் கேட்டாளாம்.

இரண்டு மாத்திரையுமே தூக்கம் தரும், வாயை உலர்த்தும், மூத்திரத்தை அடைக்கும். சேர்த்துச் சாப்பிட்டதில்தான் இவ்வளவும் என்றார் டாக்டர். “பஸ் ஏறும்போது தூங்கி விழுந்திருந்தா?” அரிப்பு மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிட்டார். மற்றதை நானாக நிறுத்தக் கூடாதாம். சேலம் டாக்டரைத்தான் கேட்க வேண்டுமாம்.

20-8-86
டியூப் எடுத்தாகிவிட்டது. வீட்டில். அரிப்பு திரும்பிவிட்டது. மிக்கேலம்மாள் தேங்காயெண்ணெய் தடவிவிட்டாள். சம்பந்தத்தைப் பற்றி நான்தான் ஆரம்பித்தேன். “நின்னா நிக்கட்டுங்க. நீங்க இருக்கணும்” என்றாள். அசதி. வேறொன்றும் எழுதத் தோன்றவில்லை.

30-8-86, சனி
சேலம். முதல்முறையாக அவளும் வந்தாள். டாக்டர் அளவைக் குறைத்தார். அரிப்புக்குப் பூசுமருந்து. “தூக்கம் எப்படி?” என்று என்னைக் கேட்டார். அவள் முந்திக்கொண்டாள்: “இவரு தூங்கறாருங்க. என்ன பண்ணிக்குவாரோன்னு நாந்தான் இத்தனை மாசமா முழிச்சுக் கெடந்தேன்.”

திரும்பும்போது தொப்பூர் மேட்டில் பஸ் திணறி ஏறுகையில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். தருமபுரி வரை தோளை அசைக்கவில்லை நான்.