பண்ணைக்காரர் சொன்னபடியே

சங்கராபுரம் பக்கம், நம்ம ஊர்
3.9.1997

மகள் செல்லிக்கு அப்பன் மாயவன் எழுதறது. நான் நல்லா இருக்கறேன். ஆடு ரெண்டும் என்னைவிட நல்லா இருக்குதுங்க.

நீ அனுப்பின கட்டுரை வந்துச்சு. பக்கத்துக்குப் பக்கம் செவப்புக் கோடு. நான் எட்டாவது படிச்சப்போ முக்கியமான வரிக்குத்தான் கோடு போடுவோம். அதனால டீக்கடையில எல்லாருக்கும் காட்டினேன், "பாருங்கய்யா, எம் பொண்ணு எழுதினதுல முக்காவாசி முக்கியம்"னு. ரேஷன் கடை காசிநாதன் வாங்கிப் பார்த்துட்டு, "மாயவா, இது அத்தனையும் தப்புன்னு போட்டது"ன்னான். ஆறிப்போன டீயைக் குடிச்சிட்டு வந்துட்டேன்.

அது போவட்டும். பண்ணைக்காரர் கந்தசாமியை "கல்நெஞ்சக் கயவன், மனித உருவில் நடமாடும் மிருகம்"னு எழுதியிருந்தியே, அதைக்கூடவா அடிப்பாரு உங்க சாரு? உங்க அம்மா பொணத்தைக் கரும்புத் தோட்டத்து வழியா வுடாம, மலைத்தண்ணி இடுப்பளவு ஓடுன ஓடையில எறங்கித் தூக்க வெச்சவன் வேற இன்னாவாம்? அவனைத் திட்டத்தான் உன்னைப் படிக்க வெச்சேன். இன்னும் நாலு வார்த்தை சேர்த்து எழுது. எனக்குத் தெரிஞ்சது நெறைய இருக்குது, பொம்பளைப் புள்ளைக்கு எழுதக் கூசுது.

அப்பன்
மாயவன்

*

சேலம்
12.9.1997

அன்புள்ள அப்பாவுக்கு,

டீக்கடைச் சங்கதியைப் படிச்சிட்டு ஹாஸ்டல்ல சிரிச்சேன். அப்புறம் அழுதேன். பன்னிரண்டாவது வரைக்கும் இப்படி எழுதித்தானே முதல் மார்க் வாங்கினேன்? முன்னுரை, நாலு உபதலைப்பு, நடுவுல கவிதை, முடிவுரையில "களைவோம், வெல்வோம்". இங்க சார் ஒவ்வொரு வரிக்கும் கேக்குறது ஒண்ணுதான்: "யார் சொன்னது? உனக்கு எப்படித் தெரியும்?" மிருகம்னு எழுதின இடத்துல, "இது உன் கோபம். அவர் செய்தது எங்கே?"ன்னு எழுதியிருக்காரு.

கொஞ்ச நாள் அவரைப் பார்க்கவே பிடிக்கல. அப்புறம் யோசிச்சேன். நான் மிருகம்னு சொன்னா, "சின்னப் புள்ள ஒளறுது"ன்னு பண்ணைக்காரர் துண்டை ஒதறிக்கினு போயிடுவாரு. அவர் சொன்னதையே அவர் பேரோட எழுதினா எங்க போவாரு?

தீபாவளிக்கு வந்து அவரையே கேக்கப் போறேன். நீ கூட வராத. உன் மூஞ்சியே காட்டிக் குடுத்துடும்.

அன்பு மகள்
செல்லியம்மாள்

*

நம்ம ஊர்
20.11.1997

செல்லிக்கு,

நீ போனதுல இருந்து பண்ணைக்காரர் மீசையைத் தடவிக்கினே திரியறாரு. "காலேஜ் புள்ள நம்மளப் பேட்டி எடுத்துச்சு, புஸ்தகத்துல வரப்போவுது"ன்னு கரும்பு லாரிக்காரன்கிட்டகூட சொல்றாரு. நீ அவன் எதிர்ல நின்னுக்கினு "சொல்லுங்க ஐயா"ன்னு கேட்டியாமே. எனக்கு வயிறு எரியுது. திட்டச் சொன்னா மாலை போட்டுட்டு வந்திருக்கியா?

மாயவன்

*

சேலம்
9.2.1998

அப்பாவுக்கு,

எங்க துறை மலர்ல கட்டுரை வந்திருக்கு. ரெண்டு புஸ்தகம் அனுப்பியிருக்கேன், உனக்கு ஒண்ணு, அவருக்கு ஒண்ணு. தேடினாலும் ஒரு வசவு கிடைக்காது. படிச்சிட்டு எழுது.

செல்லி

*

நம்ம ஊர்
17.2.1998

என் தங்கம் செல்லிக்கு,

காலையில பால் சொசைட்டிக்கு, அவருக்குன்னு நீ அனுப்பின புஸ்தகத்தை எடுத்துக்கினு போனேன். பண்ணைக்காரர் கையில வாங்கிப் பார்த்துட்டு, "கண்ணாடி வூட்ல இருக்குது. நீயே படிடா மாயவா, எல்லாரும் கேக்கட்டும்"னாரு. படிச்சேன்.

"'ஆமாம், நான்தான் தடுத்தேன். அதுங்க பொணம் போன வழியிலயா என் கரும்பு மில்லுக்குப் போவணும்? ஓடையில தூக்கிக்கினு போனா கொறைஞ்சா போவும்?' கந்தசாமி, நிலவுடைமையாளர், நேர்காணல், 1.11.1997. வருவாய்த்துறை வரைபடத்தில் அது பொதுப்பாதை."

பால் ஊத்த வந்த ராணியம்மாள், அவருக்குப் பங்காளி வூட்டுப் பொம்பளை, "செத்தவளையா தண்ணியில எறக்குனீங்க?"ன்னு கேட்டுச்சு. அவரு என்னைப் பார்த்து, "மாத்தி எழுதியிருக்குதா?"ன்னாரு.

"இல்லீங்க. நீங்க சொன்னபடியேதான். வேணும்னா இன்னொருக்கா படிக்கட்டுங்களா?"

பால் கேனைக்கூட எடுக்காம போனாரு. அவர் புஸ்தகம் சொசைட்டி ஆணியில தொங்குது. பால் ஊத்த வர்றவங்க எல்லாம் பொரட்டிப் பார்க்கறாங்க. நானும் பால் மாடு இல்லாமலே தெனம் போறேன்.

உங்க சாருக்கு என் வணக்கத்தைச் சொல்லு. இன்னும் ரெண்டு செவப்புப் பேனா வேணும்னாலும் வாங்கி அனுப்பறேன்.

ஒண்ணு மட்டும். அதுக்கு அடுத்த வரியில, "தடுக்கப்பட்டவர்: பெரியம்மாள், வயது 38"னு இருந்துச்சு. அதை மட்டும் நான் வாய் வுட்டுப் படிக்கல. அவன் காதுக்கு எதுக்கு உங்க அம்மா பேரு.

அப்பன்
மாயவன்