நாமா, நாங்களா

அன்புள்ள கமாவுக்கு,

இங்கு எல்லோரும் நலம். நீ நலமாக இருப்பதை மேடையிலேயே பார்த்துவிட்டேன், அதனால் கேட்கவில்லை. மாணவர்கள் நமக்கு வைத்த பட்டப்பெயரிலேயே கூப்பிடுகிறேன், கோபத்தில் வேறு பெயர் வரவில்லை. உனக்கு எப்போதும் ஆங்கிலத்தில்தான் மின்னஞ்சல் அனுப்புவேன். இந்தத் தடவை தமிழ். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் உன் அம்மா. கண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். வலது கண்ணில் புரை முற்றிவிட்டதாம், அடுத்த மாதம் ஆபரேஷன். பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் வேண்டாம் என்று அடம் பிடிக்கிறார். போன் போட்டு ஒரு அதட்டு அதட்டு, என் பேச்சைக் காதிலேயே போட்டுக்கொள்வதில்லை. கல்லூரியில் நம் மேஜையை ஜன்னல் ஓரத்திலிருந்து நகர்த்திவிட்டார்கள். உன் நாற்காலியில் கணக்கு சார் உட்கார்ந்து தூங்குகிறார்.

நாம் சேர்ந்து எழுதிய கட்டுரையை நீ வாசித்த மாநாட்டுக்கு வருவதை உன்னிடம் சொல்லவில்லை. திடீரென்று முன்னால் வந்து நிற்க ஆசைப்பட்டேன். என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுதான் அந்தக் கட்டுரையை அனுப்பக் கடைசி நாள் வந்தது. ரெண்டு பேர் பேரையும் போட்டு நானே அனுப்பிடறேன், நீ அவரைப் பாரு என்றாய். நிம்மதியாக விட்டுவிட்டேன். அரங்க வாசலில் கொடுத்த நிகழ்ச்சி நிரலில் நம் கட்டுரைக்கு நேரே இரண்டு பெயர்கள் இருந்தன. ஒன்று உன்னுடையது, இன்னொன்று நீ ஆராய்ச்சிக்குப் போன இடத்து வழிகாட்டிப் பேராசிரியருடையது. அச்சுப்பிழை என்று நினைத்தேன் கமா. சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். எங்கள் கல்லூரி முதல்வரின் ஆங்கில அறிவிப்பில் ஆரம்பித்தாய். ‘வீ மஸ்ட் கீப் தி கிளாஸ்ரூம் கிளீன்’ என்பதை என் வகுப்புப் பெண் ஒருத்தி ‘நாங்கள் வகுப்பறையைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும்’ என்று மொழிபெயர்த்தாளே, அப்படியானால் முதல்வரே துடைப்பத்தோடு வரட்டும் என்று பின்பெஞ்ச் சிரித்ததே, அந்தக் கதை. அரங்கமும் சிரித்தது. ஆங்கிலத்தில் ஒரே ‘வீ’. தமிழில் கேட்பவரையும் சேர்த்தால் நாம், விட்டுவிட்டால் நாங்கள். மாணவர் எதை எழுதுகிறாரோ அதை வைத்து அவர் யாரைத் தன்னோடு சேர்க்கிறார் என்று தெரிந்துவிடும் என்றாய். அது நான் பஸ் நிறுத்தத்தில் சொன்னது. அன்றைக்கு நீ என் கையைப் பிடித்துக்கொண்டு குதித்த குதியில் பக்கத்தில் நின்றவர் விலகிப் போனார்.

‘வீ அப்சர்வ்டு, வீ ஃபவுண்ட்’ என்று சொல்லிக்கொண்டே போனாய். ஒவ்வொரு ‘வீ’யிலும் நானும் இருக்கிறேன் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். ஆங்கிலம் அதற்கு இடம் கொடுத்தது.

பிறகு டீ வரிசையில் ஒரு பேராசிரியர் உன்னிடம் தமிழில், இந்த யோசனை எப்படி வந்தது என்று கேட்டார். நான் பக்கத்தில் வந்து நின்றேன். என்னைப் பார்த்ததும் உன் முகம் வெளுத்தது. பார்த்த பிறகுதான் சொன்னாய்: “நாங்க ரெண்டு வருஷமா இதுல வேலை பாக்குறோம் சார்.” கை வழிகாட்டியின் பக்கம் நீண்டது. என்னைக் காட்டி, “இவங்க என் பழைய காலேஜ். டேட்டா எடுக்க ஹெல்ப் பண்ணாங்க” என்றாய். வாடி போடி என்ற வாயால் ‘இவங்க’. டீயை அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

வேறு யாராவது சொல்லியிருந்தால் வாய் தவறி வந்தது என்று விட்டிருப்பேன். நாமுக்கும் நாங்களுக்கும் உள்ள வித்தியாசத்தை ஊருக்கே விளக்கிவிட்டு அப்போதுதான் மேடையிலிருந்து இறங்கியவள் நீ.

உன் மின்னஞ்சல் கிடைத்தது. வழிகாட்டியின் பெயர் இல்லாமல் ஏற்க மாட்டார்களாம், ‘வீ ஹேட் நோ சாய்ஸ்’, ‘வீ வில் ஃபிக்ஸ் இட்’. எந்த ‘வீ’? அவர் பெயரை மூன்றாவதாகச் சேர்த்திருக்கலாம். என் பெயரை ஏன் எடுக்க வேண்டும்? என் வேலை நிரந்தரமாவதற்கு இந்த ஒரு கட்டுரையைத்தான் நம்பியிருந்தேன், உனக்கு அது தெரியும். துரோகம் என்று எழுதிவிட்டு அடித்தேன். மறுபடி எழுதுகிறேன், துரோகம்தான்.

உன் அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை. டாக்டர் அறைக்கு வெளியே காத்திருந்தபோது, “நம்ம கட்டுரை நல்லா வந்துச்சாமே” என்று கேட்டார். நல்லா வந்துச்சும்மா என்றேன். ஆபரேஷன் அன்று நான் கூட இருப்பேன், அதில் மாற்றமில்லை.

கட்டுரைத் தொகுப்பு இன்னும் அச்சுக்குப் போகவில்லை. தொகுப்பாளருக்கு நான் எழுதுவதா வேண்டாமா என்பது உன் பதிலில் இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதாதே, அதில் ஒளிந்துகொள்வாய்; நான் தமிழில் எழுதியதும் அதனால்தான். மன்னிப்பும் வேண்டாம். அந்தக் கட்டுரையை யார் எழுதினோம் என்று தமிழில் ஒரே ஒரு வரி எனக்கு எழுது. முதல் சொல்லை மட்டும் படித்துக்கொள்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். நன்றாக இரு.

இப்படிக்கு,
ஃபுல்ஸ்டாப்