தரையோடு முடுக்கிய பெஞ்சுகள்

அன்புள்ள அப்பாவுக்கு,

ஸலாம். முழங்கால் வலி தேவலையா? அம்மா தைலம் தேய்த்துவிடுகிறாளா? நான் நலம்.

ஸாகோராவின் பாலைவன வெயிலைக்கூடத் தாங்கிவிடலாம், இந்தப் பள்ளிக்கூடத்து பெஞ்சுகளைத்தான் தாங்க முடியவில்லை. எல்லாம் கரும்பலகையைப் பார்த்துத் தரையோடு முடுக்கியவை. பிள்ளைகள் ஒருவர் பிடரியை ஒருவர் பார்த்தபடி ஊமையாக இருக்கிறார்கள். போன வாரம், காஸ் சிலிண்டருக்கென்று நீங்கள் கொடுத்தனுப்பிய ஸ்பானரால் போல்ட்டுகளைக் கழற்றி, நம் வீட்டில் ஒரே தட்டைச் சுற்றிச் சாப்பிட உட்காருவதுபோல பெஞ்சுகளை வட்டமாகப் போட்டேன். வருஷமெல்லாம் வாய் திறக்காத கடைசி பெஞ்சு இஸ்ஸா, "டீச்சர், அவன் போட்ட கணக்கு தப்பு" என்றாள். பிறகு வகுப்பே சண்டை போட்டுக் கணக்குப் போட்டது.

தலைமையாசிரியர் எட்டிப் பார்த்தார். "இது வகுப்பா, கல்யாண வீடா? வட்டத்துல எதும்மா முதல் பெஞ்சு?"

மறுநாளே எல்லாவற்றையும் பழையபடி முடுக்கி, ஸ்பானரையும் பீரோவில் பூட்டிவிட்டார். இஸ்ஸா மறுபடி ஊமை. எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

வேலைக்கு ஆபத்தில்லை, கவலைப்படாதீர்கள். இன்னொரு ஸ்பானர் அனுப்புங்கள். சிலிண்டருக்கு மட்டும்தான் என்று சத்தியம் செய்ய மாட்டேன். வெள்ளிக்கிழமை கூஸ்கூஸ் தட்டில் என் பக்கத்தைத் தம்பி தின்றுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே என் அறையில் மேசையும் சுவரைப் பார்த்துத்தான் கிடக்கிறது. திருப்பிப் போடலாம், எதிரே உட்கார ஆளில்லை.

தபால் வண்டி வந்துவிட்டது.

உங்கள் மகள்,
கிஸ்லான்