எஸ்டேட் இல்லாத கதாநாயகன்

சண்டை போடவே தெரியாத நாத்தனாராகிய என் வித்யாவுக்கு,

நலமா என்று எழுத வந்தேன், கை அப்படியே நின்றுவிட்டது. போய்ச் சேர்ந்தவளிடம் எப்படி நலம் விசாரிப்பது? அதனால் எங்கள் நலத்தைச் சொல்லிவிடுகிறேன். ஷார்ஜாவில் அதே வீட்டில்தான் இருக்கிறோம். இந்துவுக்குப் பிளஸ் டூ பரீட்சை முடிந்துவிட்டது. உன் கட்டிலில் இப்போது அவளுடைய துணிமணிகள்தான் படுத்துக் கிடக்கின்றன. "அத்தை இருந்தா இதப் பாத்துட்டு சும்மா இருப்பாளா?" என்று நான் கத்தினால், "அத்தை இருந்தா அது மேலயே படுத்துப் படிச்சிட்டு இருப்பாங்க" என்கிறாள். உன் வளர்ப்பு, வேறு எப்படி இருக்கும்!

இந்தக் கடிதத்தை நாலு பேர் படிக்கப் போகிறார்கள். அவர்களுக்கு உன்னைச் சொல்ல வேண்டும் இல்லையா? என் கணவரின் தங்கை. கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பள்ளிக்கூட நூலகத்தில் வேலை தேடிக்கொண்டு வந்து, எங்களோடு ஒரே வீட்டில், என் மகளோடு ஒரே அறையில் இருந்தவள். பழைய இங்கிலீஷ் நாவல் கையில் இருந்தால் சோறு தண்ணீர் மறந்துவிடுபவள். போதுமா? இன்னும் சொன்னால் உனக்குத் தலைக்கனம் வந்துவிடும்.

வெள்ளிக்கிழமைக் காலைகளை நினைத்துப் பார்க்கிறேன். நான் தோசை சுட, நீ அடுக்களை ஸ்டூலில் ஏறி உட்கார்ந்துகொண்டு அந்த வாரம் படித்த கதையைச் சொல்வாய். இங்கிலீஷ்காரப் பெண்கள் எல்லாரும் நம் பாளையங்கோட்டையில் அடுத்த தெருவில் குடியிருப்பதுபோல இருக்கும் நீ சொல்லும்போது.

"அப்பன் வச்ச சொத்து அம்புட்டும் எவனோ ஒரு சித்தப்பா மகனுக்குப் போயிருது அண்ணி. பொட்டப்பிள்ளைக்கு ஒண்ணும் கெடையாது."

"அப்ப அந்தப் பிள்ளை என்ன செய்வா?"

"என்ன செய்வா? பியானோ வாசிப்பா. கைக்குட்டையில பூ போடுவா. எவன் குதிரை வருதுன்னு சன்னல் வழியா பாத்துட்டே இருப்பா."

"ஏன், வேலைக்குப் போனா என்னவாம்?"

"போலாமே. பெரிய வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் குடுக்கலாம். வீட்டுக்காரங்க அவங்க மேசையில இடம் தர மாட்டாங்க. வேலைக்காரங்களும் பக்கத்துல சேக்க மாட்டாங்க. தட்டைத் தூக்கிட்டு தனியா ரூமுக்குப் போகணும்."

எனக்கு அப்போது கோபம் கோபமாக வரும். யார் மேல் என்றுதான் தெரியாது. தோசை கருகிவிடும். உன் அண்ணன் கூடத்திலிருந்து, "இங்கிலாந்துல எவளுக்கோ கல்யாணம் ஆகலைன்னா என் தோசை ஏன் கருகணும்?" என்பார்.

உன்னையும் நீ விட்டுவைக்க மாட்டாய். அந்தக் கதைகளில் கல்யாணமாகாத தங்கை ஒருத்தி அண்ணன் வீட்டு மூலையில் தையல் தைத்துக்கொண்டு, அண்ணன் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்துவிட்டுக்கொண்டே கிழவியாகிவிடுவாள் என்பாய். "நான் அந்த மூலைத் தங்கை இல்ல அண்ணி. என் விசா என் பேர்ல இருக்கு. எனக்கு ஊசியில நூல் கோக்கக்கூடத் தெரியாது." அது உண்மைதான். உன் சுடிதாருக்குப் பட்டன் தைத்ததெல்லாம் நான்தான்.

இன்னொன்றும் சொல்வாய். அந்த நாவல்களில் மழையில் நனைந்தால் காய்ச்சல் வரும், காய்ச்சல் வந்தால் கல்யாணம் நடக்கும் என்று. "ஷார்ஜால எங்க மழை பெய்யுது? அதான் எனக்கு ஒண்ணும் அமையல." சொல்லிவிட்டு நீயே விழுந்து விழுந்து சிரிப்பாய்.

போன வருடம் விடுமுறைக்கு ஊருக்குப் போனாய். மழையில் நனைந்தாய். காய்ச்சல் என்று படுத்தாய். எழுந்திருக்கவே இல்லை. இப்போது நினைத்தாலும் எனக்கு உன் மேல் கோபம்தான் வருகிறது. யாரைக் கேட்டுக்கொண்டு போனாயடி?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஒரு வெள்ளிக்கிழமை ஒரு கேள்வி கேட்டாயே, ஞாபகம் இருக்கிறதா? "எல்லாக் கதையும் கல்யாணத்தோட முடிஞ்சு போகுது. அதுக்கப்புறம் அந்த ஐயாவுக்கு வேலை போச்சுன்னா அவ கதி என்ன? அந்த அத்தியாயத்தை மட்டும் எவனும் எழுதலியே." உன் அண்ணன் போனிலிருந்து தலையைத் தூக்காமலே, "அவனுக்கு எதுக்குட்டி வேலை? அவனுக்குத்தான் எஸ்டேட் இருக்குல்லா" என்றார்.

வித்யா, உன் அண்ணனுக்கு வேலை போய்விட்டது.

பதறாதே. இப்போது எல்லாம் சரியாகிவிட்டது. ஆனால் அன்றைக்கு எங்கள் நிலைமை எப்படி இருந்திருக்கும் என்று நீயே நினைத்துப் பார். கம்பெனியையே மூடிவிட்டார்கள். அவர் விசா ரத்தானால் அவர் ஸ்பான்சராக நின்று எடுத்த எங்கள் விசாவும் போய்விடும். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தும், பாதி டீச்சர்களைப் போல நானும் வேலைக்கு மட்டும் தனி அனுமதி வாங்கிக்கொண்டு புருஷன் விசாவில்தானே ஓட்டிக்கொண்டிருந்தேன். இந்துவுக்குப் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. பிள்ளையை நடுவில் பிடுங்கிக்கொண்டு எங்கே போவது?

நீதான் எத்தனை தடவை சொல்லியிருப்பாய், "அண்ணி, உங்களுக்குன்னு ஒரு விசா வச்சுக்கோங்க" என்று. "உங்க அண்ணன் இருக்கும்போது எனக்கு எதுக்கு?" என்று நானும் அத்தனை தடவை சிரித்திருக்கிறேன்.

நான் பிரின்சிபாலிடம் போய்க் கேட்டேன். பள்ளிக்கூடத்து விசாவுக்கு என்னை மாற்றிக்கொள்வதாகச் சொன்னார்கள். அதன் பிறகு நானே ஸ்பான்சராக நின்று அவரையும் இந்துவையும் என் விசாவில் எடுத்துக்கொள்ளலாம். சம்பளமும் அதற்குப் போதும். வீட்டுக்கு வந்து சந்தோஷமாகச் சொன்னால், உன் அண்ணன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

"பொண்டாட்டி விசாவுல உக்காரவா? அதுக்கு ஊருக்கே போயிரலாம்."

"இந்து பரீட்சை?"

"ஊர்ல பள்ளிக்கூடமே இல்லையோ?"

"அப்பா, இட்ஸ் ஜஸ்ட் எ விசா" என்று இந்து குறுக்கே வந்தாள்.

"உனக்கு ஒண்ணும் தெரியாது. நான் என்ன உங்க அத்தை சொன்ன கதையில வார பொம்பளையா, அடுத்தவங்கள அண்டிக் கெடக்க?"

எனக்குச் சுருக்கென்றது வித்யா. உனக்கே தெரியும், நான் அவரை எதிர்த்துப் பேசுகிறவள் இல்லை. அன்றைக்கு நாக்கு நிற்கவில்லை. "அப்ப இத்தனை வருஷமா உங்க விசாவுல இருந்தேனே, நான் அண்டித்தான் கெடந்தேனா?" என்று கேட்டுவிட்டேன். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும்போல இருந்தது, அவ்வளவுதான்.

அவர் எழுந்து பால்கனியில் போய் நின்றுகொண்டார். அந்தக் காலத்து விசாத்தாளில் 'ஹவுஸ்வைஃப், வேலை செய்ய அனுமதி இல்லை' என்று அச்சடித்து என் பாஸ்போர்ட்டில் ஒட்டியிருந்ததே, அதைப் பார்த்து நீ ஒருத்திதான் முகம் சுளித்தாய். மற்ற எல்லாருக்கும் அது சாதாரணம். எனக்கும்தான்.

மறுநாள் காலையில் எழுந்தால் அடுக்களையில் டீ வாசம். உன் அண்ணன் அடுப்படியில் நிற்கிறார்! டீ என்னவோ கழுநீர் மாதிரிதான் இருந்தது. அதைக் குடித்துக்கொண்டிருக்கும்போதே, "விசா அடிக்க டைப்பிங் சென்டர் எத்தனை மணிக்குத் திறப்பான்?" என்று கேட்டார். சம்மதித்துவிட்டார் என்று புரிந்தது. மேற்கொண்டு பேசினால் மனம் மாறிவிடுவாரோ என்று பயம்.

முதலில் என் விசா மாறி வந்தது. பிறகு ஒரு நாள் மூன்று பேருமாக ரோலாவில் விசா விண்ணப்பம் அடித்துக் கொடுக்கும் டைப்பிங் சென்டருக்குப் போனோம். அங்கே இருந்த மலையாளிப் பையன் நல்ல தமிழ் பேசினான். "ஃபேமிலி விசாதானே? ஸ்பான்சர் ஐடி கொடுங்க சார்" என்று உன் அண்ணனிடம் கையை நீட்டினான். அவன் மேல் என்ன தப்பு? காலமெல்லாம் ஆண்களிடம்தானே கையை நீட்டியிருக்கிறான். உன் அண்ணனும் பழக்கதோஷத்தில் பர்ஸிலிருந்து தன் கார்டை எடுத்துக் கொடுத்துவிட்டார். பையன் தட்டிப் பார்த்துவிட்டு, "சார், இந்த விசா கேன்சலாகிப் போச்சே" என்றான், எல்லார் காதிலும் விழும்படி.

இந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். இப்படியே திரும்பி நடந்துவிடுவார், மறுபடியும் ஊர்ப் பேச்சை எடுப்பார் என்றுதான் நினைத்தேன்.

அவர் கார்டைத் திரும்ப வாங்கிப் பர்ஸில் வைத்தார். என்னைக் காட்டி, "கஃபீல் நான் இல்ல தம்பி. இவங்கதான்" என்றார். ஸ்பான்சரைக் குறிக்கும் அந்த அரபுச் சொல்லை இத்தனை வருடமும் அவருடைய முதலாளிக்கு மட்டும்தான் அவர் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். பையன் ஒரு நொடி முழித்துவிட்டு என் பக்கம் கையை நீட்டினான். பையிலிருந்து என் கார்டை எடுத்து அவன் கையில் வைத்தேன்.

வெளியே வந்ததும் கேட்டார், "இனி என்னை என்னன்னு சொல்லுவாங்க? ஹவுஸ் ஹஸ்பண்டா?" என்று. வேலை போன பிறகு அவர் அன்றைக்குத்தான் சிரித்தார். அப்புறம் வண்டியைத் திறந்துகொண்டே சொன்னார்: "வித்யா கேட்டால்லா, வேலை போனா என்னன்னு. அந்தக் கதையில அவனுக்கு எஸ்டேட் இருந்துச்சு. எனக்கு நீ இருந்த." உடனே வெட்கம் வந்து, "யல்லா, யல்லா, ஏறுங்க, வெயிலு" என்று எங்களை விரட்டினார்.

இதை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்? எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது, வித்யா. நீ இல்லையே என்று அதே அளவுக்கு அழுகையும் வந்தது.

இப்போது வெள்ளிக்கிழமை தோசை அவர் பொறுப்பு. நான் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறேன். உன் தடித் தடிப் புத்தகங்களில் ஒன்றைப் பகலெல்லாம் இந்துவிடம் அர்த்தம் கேட்டுக் கேட்டுப் படித்து, அவரே கதை சொல்கிறார். உன் அளவுக்கு வராது. கதாநாயகி யாரையாவது வேண்டாம் என்று சொல்லிவிட்டால் "பாவம், அவனும் நல்ல பையன்தான்" என்று அவனுக்குப் பரிந்துகொண்டு வருவார். நானும் இந்துவும் சேர்ந்து சண்டைக்குப் போவோம். தோசை இப்போதும் கருகுகிறது.

கடைசியாக ஒரு சேதி. போன வாரம் அவருக்கு வேலை கிடைத்துவிட்டது. நல்ல கம்பெனி, பக்கத்திலேயே. அவர்களே விசாவும் கொடுக்கிறார்கள். லட்டு வாங்கிக்கொண்டு வந்தார். ஒன்றை என் வாயில் ஊட்டிவிட்டு, "காலம் மாறிருச்சுல்லா! இனி உங்க ரெண்டு பேரையும் பழையபடி என் விசாவுக்கே மாத்திரலாம்" என்றார். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, பாவம். அவருக்கு அது பாசம்.

லட்டை மென்று விழுங்கும்வரை எனக்கு யோசிக்க நேரம் கிடைத்தது. "இந்துவ மாத்திக்கோங்க. நான் இருக்கிற எடத்துலயே இருக்கேன்" என்றேன்.

அவர் உன் படத்துக்கு முன்னால் போய் ஒரு லட்டை வைத்துவிட்டு, "ஏட்டி, ஜெயிச்சிட்ட" என்றார். என்னிடம் இல்லை, உன்னிடம்தான் சொன்னார்.

உனக்கு நான் தரும் வாக்கு இதுதான், வித்யா. என் பேரில் இருக்கிற விசா என் பேரிலேயே இருக்கும். நாளை இந்துவுக்குக் கல்யாணம் ஆனாலும் அவளுடையது அவள் பேரில்தான் இருக்கும். அதற்கு நான் பொறுப்பு.

உன் சுடிதாருக்குப் பட்டன் தைத்த,
உன் அண்ணனுக்குக் கொஞ்ச காலம் கஃபீலாக இருந்த,
உன் அண்ணி.