பதினேழாவது கையெழுத்து

அன்புள்ள டீச்சர் அக்காவுக்கு,

வணக்கம். நீங்களும் மகளும் பச்சைக் குழந்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பேத்தி பிறந்த சேதியை நீங்கள் போனில் சொன்னபோது நான் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வைத்துவிட்டேன். உங்களுக்கு வருத்தமாக இருந்திருக்கும். அன்றைக்குத்தான் நான் பஸ் டிப்போவுக்குப் போய்விட்டு வந்திருந்தேன். அதைப் பற்றிக் கீழே எழுதுகிறேன்.

உங்கள் வீடு பத்திரமாக இருக்கிறது. ஒருநாள் விட்டு ஒருநாள் போய் ஜன்னல்களைத் திறந்துவைத்து, செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வருகிறேன். ரோஜா இரண்டு மொட்டு விட்டது. ஒன்றை அணில் கடித்துப் போட்டுவிட்டது. மாடித் தொட்டி நிரம்பி வழிந்து சுவரெல்லாம் ஈரம். பிளம்பரைக் கூப்பிட்டு அன்றைக்கே சரிசெய்துவிட்டேன். வந்த தபால்களை மேஜைமேல் அடுக்கி வைத்திருக்கிறேன். எதையும் பிரிக்கவில்லை.

நம் தெருவை இப்போது பார்த்தால் உங்களுக்கு அடையாளம் தெரியாது. கடைசி வரிசையில் இருந்த காலி மனைகளில் அஸ்திவாரம் தோண்டிவிட்டார்கள். குழாய் பதிக்கிறோம் என்று தெருவின் ஒரு பக்கம் முழுக்கப் பள்ளம். செங்கல் லாரி போய்வந்து, துணி காயப்போட வழியில்லை. நாம் குடிவந்தபோது மொத்தம் ஒன்பது வீடு, ராத்திரி தவளைச் சத்தம். இப்போது நூற்றுப்பத்து வீடு. ஊர் வளர்ந்துவிட்டது, பஸ்தான் போய்விட்டது.

ஆமாம் அக்கா, அறுபத்தொன்றாம் நம்பர் பஸ் உள்ளே வருவதில்லை. நீங்கள் விமானம் ஏறிய ஒன்பதாவது நாள் நின்றுவிட்டது. நெடுஞ்சாலை முனையோடு திரும்பிப் போய்விடுகிறது. நடந்தால் இரண்டு கிலோமீட்டர். நடைபாதை கிடையாது என்பது உங்களுக்கே தெரியும்.

முதல் நாள் இவருக்கு விஷயம் தெரியாது. வழக்கம்போல ஏழரைக்கு ஸ்டாப்பில் போய் நின்றிருக்கிறார். நான் அதற்குள் கிளினிக்கில் ரத்தம் எடுக்கிற என் வேலைக்குப் போய்விட்டேன். எட்டேகால் வரை நின்றபிறகு, எதிர்வீட்டு அம்மா மாடியிலிருந்து, பஸ் இனிமே வராதாம் சார் என்று சொன்னாராம். ஆஸ்பத்திரி டெலிபோன் போர்டில் எட்டரைக்கு இவர் உட்கார்ந்தால்தான் ராத்திரி டியூட்டி ஆபரேட்டர் எழுந்து வீட்டுக்குப் போகமுடியும். அதனால் தடியைத் தட்டிக்கொண்டு நெடுஞ்சாலைக்கே நடந்துவிடலாம் என்று கிளம்பியிருக்கிறார். தண்ணீர்த்தொட்டி தாண்டியதும் குழாய்ப் பள்ளத்தில் விழுந்துவிட்டார். வலது மணிக்கட்டில் எலும்பு விரிசல். கொத்தனார் ஒருவர் தூக்கிவிட்டு, கிளினிக்குக்கே கூட்டிவந்தார். மண்ணும் ரத்தமுமாக வாசலில் நின்றுகொண்டு, இங்க ரத்தம் எடுக்கற அம்மா இருக்காங்களா, கொஞ்சம் மிச்சம் வச்சிருக்கேன் என்று சிரிக்கிறார். நான் ஓடிப்போய்த் தோளைப் பிடித்து உட்காரவைத்தேன்.

கட்டுப் பிரித்தாகிவிட்டது. இப்போது நான் கிளினிக்கில் மதிய ஷிப்டுக்கு மாறிக்கொண்டு, காலையில் இவரை ஸ்கூட்டரில் நெடுஞ்சாலை முனையில் விடுகிறேன். திரும்பும்போது கூட்டிவர ஆள் இல்லை. யாராவது இந்தப் பக்கம் வருகிறவர்கள் ஏற்றிக்கொள்ளும்வரை முனையிலேயே நிற்கிறார். ஒருநாள் ஒன்றரை மணிநேரம் நின்றார். முன்பெல்லாம் வீட்டுக்குள் நுழையும்போதே அன்றைக்கு போனில் யார் யார் பொய் சொன்னார்கள் என்று கதை சொல்லிக்கொண்டே வருவார். இப்போது வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிறார்.

இவருக்குக் கண் போன வருஷத்தை நான் உங்களுக்கு நினைவுபடுத்தவேண்டியதில்லை. நான் வேலைக்குப் போயே ஆகவேண்டும். இவரோ கட்டிலைவிட்டு எழமாட்டேன் என்றார். நீங்கள்தான் வந்து, எழுந்திருங்க தம்பி, என் வீட்டு வாசல்லதான் பஸ் நிக்குது, அதுவரைக்கும் வந்தா போதும் என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனீர்கள். முப்பத்தைந்து நாள் கூடவே நடந்தீர்கள். எங்கே மேடு, எங்கே மூடி போடாத சாக்கடை, எந்த வீட்டு நாய் குரைக்கும், எது கடிக்கும் என்று எல்லாம் சொல்லிக்கொடுத்தீர்கள். அந்த பஸ்ஸே உங்கள் மனுவால் வந்ததுதான். மூன்று வருஷம் நீங்கள் எழுத, நான் வீடுவீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினேன். முதல் பஸ் வந்த அன்று டிரைவருக்கு மாலை போட்டது நாம் இரண்டு பேரும்தான்.

அதனால்தான் டிப்போவுக்கு நான் தெம்பாகப் போனேன். மேலாளர் நல்ல மனிதர். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, நீங்களே வேணாம்னு எழுதிக் கொடுத்துட்டு இப்ப இப்படிக் கேட்டா நான் என்னம்மா பண்றது என்றார். யார் எழுதிக் கொடுத்தது என்றேன். பைலை என் பக்கம் திருப்பி வைத்தார்.

நாற்பத்தோரு கையெழுத்து. முதல் கையெழுத்து உங்களுடையது. அதைப் பார்க்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது அக்கா. பத்திக்குப் பத்தி 'ஆகையினால்' போட்டு எழுதுகிறவர் நம் பகுதியில் வேறு யார்? தூசி, இரைச்சல், வெளியாட்கள் வந்து உட்காருவது, வீடுகளின் மதிப்புக் குறைவது என்று வரிசையாக எழுதியிருந்தீர்கள். அதுவரைகூட நான் புரிந்துகொள்ளப் பார்த்தேன். உங்கள் மதில்மேல் உட்கார்ந்து எச்சில் துப்புகிறார்கள், தலைவலி தாங்கவில்லை என்று நீங்கள் புலம்பியதை நானும்தான் கேட்டிருக்கிறேன். ஸ்டாப்பை நாலு வீடு தள்ளிப் போடச் சொல்லியிருக்கலாம். என்னிடம் சொல்லியிருந்தால் அதற்கும் நானே போய்க் கையெழுத்து வாங்கியிருப்பேன்.

கடைசிப் பத்தியை மேலாளர் விரல் வைத்துக் காட்டினார். 'இப்பகுதியில் வசிக்கும் பார்வையற்ற பயணிக்கும் மாற்று ஏற்பாடு செய்யப்பட்டுள்ளது. அவரும் இதற்கு மனமுவந்து சம்மதித்துக் கையொப்பமிட்டுள்ளார்.' முதல் தடவை நீங்கள் கேட்டபோது, கண் தெரியாதவர் ஒருவர் தினமும் ஏறுகிறார், நிறுத்தமுடியாது என்று மேலாளர் மறுத்துவிட்டாராம். இவர் கையெழுத்தைப் பார்த்தபிறகுதான் உத்தரவு போட்டாராம்.

பதினேழாவது இடம். இவருடைய கையெழுத்தேதான். கோடு தாண்டாமல் இருக்க நீங்கள் அட்டையில் நீளமாகத் துளை வெட்டிக்கொடுத்தீர்களே, அதை வைத்துப் போட்டது. வால் எழுத்து அட்டையில் முட்டி மடங்கியிருந்தது. தேதி, நீங்கள் ஊருக்குக் கிளம்பியதற்கு முந்தின நாள். அன்று ராத்திரி எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டீர்கள். சாவியை என் கையில் கொடுத்து, உன்னை நம்பித்தான் போறேன் என்றீர்கள்.

வீட்டுக்கு வந்து, பேச்சோடு பேச்சாக இவரிடம் கேட்டேன், டீச்சர் போறதுக்கு முன்னாடி எதிலயாவது கையெழுத்து வாங்கினாங்களா என்று. ஆமாம், தெருவிளக்குக்கு மனு என்று வாங்கினார்களே என்றார். எனக்கு எதுக்கு டீச்சர் தெருவிளக்கு, நான் மின்சாரத்தை மிச்சம் பண்ற ஆளாச்சே என்று இவர் கேட்டாராம். நீங்களும் சிரித்தீர்களாம். சரி, மத்தவங்க விழாம நடக்கட்டும் என்று போட்டுக் கொடுத்ததாகச் சொன்னார்.

நான் எழுந்து குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டேன். இந்த வீட்டில் அழுவதென்றால் அப்படித்தான் அழவேண்டும். மூச்சு மாறினால்கூட இவருக்குக் கேட்டுவிடும். போனில் உங்களோடு சண்டை போடாமல் காகிதத்தில் எழுதுவதும் அதனால்தான். இவர் காதுக்குத் தப்புவது எழுத்து மட்டும்தான்.

குரலை வைத்தே ஆளை எடைபோடுவேன் என்பார் இவர். லீவு கேட்கிற நர்ஸ், பொய் சொல்லுகிற டாக்டர், எல்லோரையும் பிடித்துவிடுவார். உங்கள் குரலை மட்டும் பிடிக்கமுடியவில்லை. பிடிக்கவேண்டும் என்றே அவருக்குத் தோன்றியிருக்காது.

நான் இன்னும் சொல்லவில்லை அக்கா. இவரிடமும் சொல்லவில்லை, தெருவில் யாரிடமும் சொல்லவில்லை. நானே ஒரு மனு எழுதிக்கொண்டு வீடுவீடாகப் போனேன். பன்னிரண்டு பேர் போட்டார்கள். மீதிப் பேர், டீச்சர் வரட்டும் கேட்டுக்கலாம் என்று கதவைச் சாத்திவிட்டார்கள். இவரும் அதையேதான் சொல்கிறார். நீ எழுதினா மனு மாதிரியா இருக்கு, மளிகை லிஸ்ட் மாதிரி இருக்கு, டீச்சருக்கு லெட்டர் போடு, அங்கிருந்தே ஒண்ணு எழுதி அனுப்புவாங்க, அடுத்த வாரமே பஸ் வந்துடும் என்கிறார். உங்களிடம் மனு கேட்டு எழுதுகிறேன் என்று நினைத்துக்கொண்டு இப்போது எதிரே உட்கார்ந்திருக்கிறார். என்ன இவ்வளவு நேரமா எழுதற, பாப்பா எப்படி இருக்குன்னும் கேளு என்கிறார்.

மேலாளர் ஒரு வழி சொல்லியிருக்கிறார். முதல் கையெழுத்துப் போட்டவரே வாபஸ் வாங்கி எழுதிக்கொடுத்தால் உத்தரவை ரத்துசெய்ய அவருக்கு அதிகாரம் உண்டாம். நான் யார் மேலும் புகார் கொடுக்கவில்லை. அந்தக் கடிதத்தை நீங்கள் எழுதி அனுப்புங்கள். நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

இன்னொரு கடிதம் இவர் பெயருக்கு எழுதுங்கள். நடந்ததை உங்கள் வாயால் சொல்கிற மாதிரி எழுதுங்கள். நான்தான் வாசித்துக் காட்டவேண்டியிருக்கும். ஒரு வார்த்தை கூட்டாமல், ஒரு வார்த்தை குறைக்காமல் வாசிக்கிறேன். என்னால் இவரிடம் சொல்ல முடியவில்லை. ஒரு தடவை வாயெடுத்தேன். இவர், டீச்சர் இல்லாம தெருவே காது கேக்காத மாதிரி இருக்கு என்றார். அதற்குமேல் எப்படிச் சொல்வேன்?

கோபம் இல்லை என்று எழுதினால் அது பொய். அதை இங்கே எழுதவேண்டாம் என்று பார்க்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். மாத்திரையை மறக்காதீர்கள்.

பேத்தி நோய்நொடியில்லாமல் வளரட்டும். யாருடைய கையைப் பிடித்து அவள் நடை பழகுகிறாளோ, அந்தக் கையை அவள் கடைசிவரைக்கும் நம்பும்படி இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் பக்கத்து வீட்டுக்காரி