சந்தன நிற லாரியில் சிவப்புச் சாயம்

ஐப்பசி 12, வெள்ளிக்கிழமை.

லாரி வாங்கப் போனபோது கடையில் கறுப்பும் சந்தன நிறமும் இருந்தன. கறுப்பில் அழுக்குத் தெரியாது என்றார்கள். "கறுப்பு மட்டும் வேணாங்க" என்று வள்ளி ஊருக்குக் கப்பல் ஏறும்போதே சொல்லியிருந்தாள். அதனால் சந்தன நிறத்தை எடுத்தேன். பிரசவத்துக்குத் தாய்வீடு போனவள். எங்கள் பிள்ளைக்கு ஏழு மாதம் ஆகிறது, இன்னும் திரும்பவில்லை.

இன்று கடலுக்கு அக்கரையில் இருக்கும் பட்டர்வொர்த்துக்குச் சரக்கு ஏற்றிப் போனேன். ஃபெரியில் உப்புத்தண்ணீர் தெறித்துப் புதுப் பெயிண்ட் கெட்டுவிடுமே என்று, சீட்டில் எப்போதும் வைத்திருக்கும் அவளுடைய சிவப்புச் சுங்குடிச் சேலையை வண்டியின் முன்பக்கம் போர்த்திக் கட்டினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். பாதிக் கடலில் மழை பிடித்துக்கொண்டது. சாயம் முழுக்கப் பெயிண்டில் இறங்கிவிட்டது.

பட்டறைக்காரர் காதர் அண்ணன் சிரித்தார். "சுங்குடிய யாராச்சும் நனைய விடுவாங்களா தம்பி? மண்ணெண்ணெய் போட்டு இப்பவே தொடச்சிரு லா. காஞ்சா போகாது."

ஒரு பழந்துணியை மண்ணெண்ணெயில் நனைத்தேன். துடைக்கும் முன் சேலையை ஒருமுறை முகர்ந்து பார்த்தேன். நேற்றுவரை இருந்த அவள் வாசனை இல்லை. மழை வாசனைதான் வந்தது. அப்புறம் துடைக்கக் கை வரவில்லை.

கறை காயட்டும். அவள் வந்து பார்த்து, "என் சேலதான் கெடச்சுதா உங்களுக்கு?" என்று தெருவே கேட்கக் கத்தட்டும்.